முட்டிக்கு மூன்று வரி

என் மனைவியின் முட்டிச் சில்லு பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் உடைந்தது. சங்கரா மீனுக்கு விலை பேசிக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தாள். அங்கே தரை இல்லை, ஐஸ் தண்ணீரும் செதிலும்தான் இருந்தன. பையோடு பக்கத்தில் நின்ற நான் சட்டென்று பிடித்தேன், பையை. கீழே கிடந்தபடியே அவள் தான் கேட்ட விலையை மீன்காரம்மாவிடம் இன்னொரு முறை சொன்னாள். இதை நான் பலரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நான் சொல்லும்போதெல்லாம் சிரிக்காத ஒரே ஆள் அவள்.

அறுவை சிகிச்சை நடந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்த டாக்டர், "எலும்பு சேந்துடுச்சு. இனிமே மடக்கணும், நடக்கணும். அது எங்க கையில இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீடு, ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், முதல் மாடி. படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். அவளை நாற்காலியில் வைத்து மேலே தூக்கி வந்தார்கள். மேலே வந்தவள் அதன் பிறகு கீழே இறங்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் இருவரில் வெளியே போகிறவள் அவள்தான். வருடக்கணக்காக, விடிவதற்கு முன்பே எழுந்து, அலுவலகத் தோழிகளோடு கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருவாள். வந்து கடல் இன்றைக்கு என்ன நிறம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்வாள். நான் போர்வைக்குள்ளிருந்து 'உம்' கொட்டுவேன். இயற்கையை நான் பெரும்பாலும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். புத்தகத்தில் இயற்கை வேர்க்காது, கொசு கடிக்காது.

இப்போது அவள் சன்னலோரக் கட்டிலில். பால் வாங்கக் கீழே போவது நான். திரும்பி வந்ததும் தினமும் கேட்பாள்:

"வெளியே எப்டி இருக்கு?"

"வெளியேதான் இருக்கு" என்றேன் முதல் நாள். மறுநாள், "இன்னும் யாரும் தூக்கிட்டுப் போகல." அதற்கடுத்த நாள், "நீ இல்லாம கடலு இளைச்சுப் போச்சு." எனக்கு இதுதான் பிழைப்பு. வாராவாரம் ஒரு பத்திரிகையில் பக்கம் நிரப்புகிறேன். யார் எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் நக்கல் வந்து நின்றுகொள்ளும். சில நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு உடனே தெரியவில்லை. தெரிந்தபோது, பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியையும் அவள் தொடுவதில்லை என்பதும் சேர்ந்து தெரிந்தது. கட்டிலில் இருந்து குளியலறை, குளியலறையில் இருந்து கட்டில். அவ்வளவுதான் அவள் ஊர்.

திருநீற்றுப் புதனன்று கோயிலுக்கு நான் மட்டும் போய்வந்தேன். மாலையில், எழுந்து வர முடியாதவர்களுக்கு வீடு வீடாகச் சாம்பலும் நன்மை அப்பமும் கொண்டுபோகிற சிஸ்டர் வந்தார். அவள் நெற்றியில் சிலுவை போட்டுச் செபம் சொல்லிவிட்டு, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தவக்காலத்துல எத விடப் போறீங்க?"

"மாட்டுக்கறி, சிஸ்டர்" என்றேன் பவ்வியமாக.

"அத டாக்டர் போன வருஷமே நிறுத்தச் சொல்லிட்டாரு, சிஸ்டர். கொலஸ்ட்ரால்" என்றாள் கட்டிலில் இருந்தவள். "இவரு டாக்டருக்குக் குடுத்தத ஆண்டவருக்கு செகண்ட் ஹேண்டா விக்கிறாரு. வேற எதையாவது விடச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்கம்மா."

"கிண்டலை விடச் சொல்லுங்க."

சிஸ்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அத விட்டுட்டு நான் என்ன பண்றது?" என்றேன். நியாயமான சந்தேகம். சமையல்காரரை உப்பை விடச் சொன்ன மாதிரி.

"வெளியே போங்க. ஒரு இடத்துல நில்லுங்க. என்னா பாத்தீங்களோ அத வந்து எனக்குச் சொல்லுங்க. பக்கம் பக்கமா வேணாம், மூணு வரி போதும். ஹைக்கூ எழுதறவங்கள நீங்க எவ்ளோ நாறடிச்சிருப்பீங்க? இப்ப நீங்க எழுதுங்க."

உண்மைதான். ஒரு வாக்கியத்தை எடுத்து இரண்டு இடத்தில் முட்டி உடைத்தால் ஹைக்கூ என்று நான் எழுதியிருக்கிறேன். முட்டி என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்க வேண்டாம் என்று இப்போது படுகிறது.

"சரி, எழுதறேன்" என்றேன். வீம்புதான். "ஆனா நான் எழுதறது தேறுச்சுன்னா நீ எழுந்து நடக்கணும். தேறுற அன்னிக்கெல்லாம்."

அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தேறலன்னா நடக்க மாட்டேன்."

"சரி."

"சிஸ்டர், சாட்சி நீங்கதான்."

சிஸ்டர் மகிழ்ச்சியோடு அதையும் சேர்த்துச் செபித்துவிட்டுப் போனார். நெற்றியில் சாம்பலோடு செய்துகொண்ட ஒப்பந்தம். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் அப்படிச் செய்ததை ஈஸ்டருக்கு முன் உடைக்கிற வழக்கம் கிடையாது. உடைத்துத்தான் பாருங்களேன், பாட்டன் முப்பாட்டனெல்லாம் கல்லறையில் திரும்பிப் படுப்பார்கள். ஒரு மனுஷியின் முழங்காலை ஒரு மனுஷனின் கவிதையில் கட்டிப் போடுவது மடத்தனம் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

விதிகளை அவளே வகுத்தாள். அன்றைக்கே பார்த்ததாக இருக்க வேண்டும். என் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். 'போல' கூடாது. அவளுக்குச் சிரிப்பு வந்தால் செல்லாது. தீர்ப்பு அவளுடைய அப்பாவின் பிரெஞ்சில். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். காலை ரொட்டியில் இருந்து மாப்பிள்ளை வரை எதையும் மூன்றில் ஒரு சொல்லால் முடித்துவிடுவார். நன்றாக இருந்தால் 'போன்'. உருப்படாவிட்டால் 'பா போன்'. ஏதோ பரவாயில்லை என்றால் 'சா வா'. எனக்குக் கடைசி வரை 'சா வா'தான். அவர் மகளின் தராசு இது: 'போன்' என்றால் பின்பக்க பால்கனி வரை போய்வருவாள். 'சா வா' என்றால் சமையலறை வாசல் வரை. 'பா போன்' என்றால் கட்டில்.

மறுநாள் இருட்டிலேயே எழுந்து கடற்கரைக்குப் போனேன். நகராட்சி நாய்கள் என்னைப் புதுமுகமாகப் பார்த்தன. கருங்கல் பாறைகளுக்கு எதிரே நின்று ஊர் நடப்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நிமிர்ந்து நின்று சொன்னேன்:

விடியற்கால நடை
தொப்பைகள் முந்தி வருகின்றன
கடல் உள்வாங்குகிறது

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பா போன்" என்றாள்.

"சிரிச்சியே!"

"சிரிச்சேன். அதான்." சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நடைவண்டி மூலையில் நின்றது.

சிரிப்பு கூடாதென்றால் சீரியஸாகப் போய்விடலாம் என்று அடுத்த நாள் முடிவெடுத்தேன். படித்தவன் இல்லையா. 'முடிவிலியின் நீல மௌனம் / அலையாக உடைந்து / என்னைத் தேடுகிறது' என்றேன்.

"கடலு உங்கள எதுக்குத் தேடுது?"

"அது ஒரு..."

"அதுக்கு வேற வேல இல்லியா?"

பா போன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஹைக்கூவைப் பற்றி நான் நிறையவே படித்திருக்கிறேன். ஒன்றைப் பழிப்பதற்காகப் படிக்கிறவனைப் போல ஊன்றிப் படிக்கிறவன் இல்லை. சின்னது. இந்தக் கணத்தில் நடப்பது. பருவம் எங்காவது தெரியவேண்டும். விளக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுகிறவன் குறுக்கே நிற்கக் கூடாது. சிக்கல் அங்கேதான். நகைச்சுவை எழுதுகிறவனுக்குத் தொழிலே குறுக்கே நிற்பதுதான். ஒரு காகம் போனால் காகத்தைக் காட்டிவிட்டு விலகிவிட முடியாது. 'பார்த்தீர்களா, இந்தக் காகத்தைப் பற்றி நான் என்ன சொல்கிறேன் பாருங்கள்' என்று அதன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

விலகி நின்று பார்ப்பது என்று தீர்மானித்தேன். தீர்மானம் எளிது. காலையில் செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது. ஏதாவது பார்த்தவுடன் உள்ளே ஒருவன் அதற்குத் தலைப்பு வைத்தான். அவனை வாயை மூடச் சொன்னேன். மூடச் சொன்னதையே ஒரு நல்ல வரியாக எனக்குச் சொல்லிக் காட்டினான். இப்படியே சில காலைகள். கட்டிலில் 'பா போன்' மேல் 'பா போன்'.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த விடுதி ஒன்றின் சுவரோரம், ஒருநாள் ஒரு காகம். மேலே ஏசி பெட்டி. அன்றைக்கு இதைக் கொண்டுவந்தேன்:

ஏசி தண்ணீர் சொட்டும் இடம்
தலையைச் சாய்த்து
அண்ணாந்து நிற்கிறது காகம்

அவள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. "குடிச்சுதா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"தெரியலன்னா? அடுத்த சொட்டு விழற வரைக்கும் நிக்கலியா நீங்க?"

"எழுதற அளவுக்குக் கெடச்சிடுச்சுன்னு கெளம்பிட்டேன்."

"பாவம், அது அங்கியே நின்னுட்டிருக்கு. நீங்க பாதியில வந்துட்டீங்க." கொஞ்சம் யோசித்தாள். "சா வா." சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். நடைவண்டியைக் கொண்டுவந்தேன். சமையலறை வாசல் வரை போனாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. வாசலில் நின்று உள்ளே பார்த்து, "இது சமையல்ரூமா?" என்று கேட்டாள். என் ஆட்சிக்காலம் அது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நிறைய வந்தது. தவக்காலம்.

அதிலிருந்து ஒன்று பிடிபட்டது. எழுதக் கிடைத்தவுடன் கிளம்பக் கூடாது. கிடைத்த பிறகும் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏதாவது நடக்கிறது, அல்லது நடக்காமல் இருக்கிறது. பாறையில் ஒரு நண்டைப் பிடித்தேன், கண்ணால். அலை வந்து மூடியது. போயிருக்கும் என்று நினைத்தேன். முந்தைய நானாக இருந்தால் அதையே எழுதியிருப்பேன், கூடவே அரசியல் கட்சி எதையாவது சேர்த்து. நின்றேன். அலை இறங்கியது.

பாறையில் நண்டு
அலை போன பின்னும்
அதே இடம்

அவள் தன் முழங்காலைப் பார்த்தபடி இருந்தாள். "போன்" என்றாள் மெதுவாக. எழுந்து, கூடத்தைத் தாண்டி, பால்கனி வரை போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்வீட்டுக் கொல்லையையும் தண்ணீர்த் தொட்டியையும் ஏதோ சுற்றுலாத் தலம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் நின்றேன். எந்தப் பத்திரிகையும் எனக்கு அப்படி ஒரு கூலி கொடுத்ததில்லை.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத்தான் தலைக்கேறிவிட்டது. அடுத்த நாளும் நண்டு கொண்டுவந்தேன். அதற்கடுத்த நாள் நத்தை. பிறகு பாறையில் பாசி. "இது நேத்தைய நண்டு, வேற சட்ட போட்டுட்டு வந்திருக்கு" என்றாள். பெரிய இடமாகப் போனால் பெரிதாகக் கிடைக்கும் என்று பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்குப் போனேன். கடல் அங்கே கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. சுவர் பாதி போன வீடுகள். படகின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"என்னா சார், எதனா தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல, சும்மா பாக்கறேன்."

"சும்மா பாக்கவா பஸ்சு புடிச்சு வந்தீங்க? டவுன்ல கடலு இல்லியா?"

"இருக்கு."

"அத யாரு பாக்கறது அப்ப?"

வீட்டுக்கு வந்து, கடலரிப்பையும் அரசாங்கத்தையும் மூன்று வரிக்குள் அமுக்கிச் சொன்னேன். "இது கட்டுரை" என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் அன்றைக்கும் நடக்கவில்லை.

அப்படியே ஒரு வாரம் தாண்டியது. முட்டியைப் பார்த்துப் பயிற்சி கொடுக்க அவ்வப்போது வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், இளம் பெண், சிரித்த முகம். அன்று மடக்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மேடம், மடங்கறது குறைஞ்சிருக்கு. நடக்கறீங்களா இல்லியா?"

"அவரக் கேளு."

பெண் என் பக்கம் திரும்பினாள். நான் ஒப்பந்தத்தை விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே வேறு யாரோ கிறுக்கர்களின் கதையாகக் கேட்டது.

"சார், கவிதைக்கும் முட்டிக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"வேண்டுதல் மாதிரிம்மா."

"வேண்டுதல்னா மொட்ட போட்டுக்கங்க சார். இப்டியே விட்டா முட்டி இறுகிடும். அப்புறம் மறுபடியும் ஆஸ்பத்திரில படுக்க வெச்சு, மயக்க மருந்து குடுத்து, புடிச்சு மடக்கணும். படியில ஏறி எறங்கினாத்தான் இது சரியாகும். எறங்கும்போது வலிக்கிற காலு முன்னாடி. ஏறும்போது நல்ல காலு முன்னாடி. இத மட்டும் மறக்காதீங்க மேடம்."

அந்தப் பெண் போனதும் நான் கெஞ்சினேன். "போதும்மா. ஹைக்கூ கிடக்கட்டும். நீ நட. ஆண்டவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

"வாக்கு குடுத்தா குடுத்ததுதான்."

"நான் எழுதறது தேறாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"அப்ப தேறற மாதிரி எழுதுங்க."

மறுநாள் காலை நான் கொண்டுபோன வரிகள் எனக்கு இப்போது நினைவில்லை. நினைவிருப்பது வேறு. சொல்லிக்கொண்டிருந்தபோது, பழக்க தோஷம், இத்தனை நாள் காகத்தையும் நண்டையும் பார்த்த பார்வையை அப்படியே அவள் பக்கம் திருப்பிவிட்டேன். அவள் என் வரியைக் கேட்கவில்லை. வலது கை போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது. கண் முன்வாசல் கதவில் இருந்தது. கதவுக்கு வெளியே படிக்கட்டு. நான் முடிப்பதற்குள் "பா போன்" என்றாள். வரி முடியாமலே தீர்ப்பு.

கிளம்பாமல் நின்றேன். கிடைத்த பிறகும் நிற்க வேண்டும் என்று கற்றிருக்கிறேனே. தீர்ப்புச் சொன்னதும் போர்வையை விட்டுவிட்டாள். தோள் இறங்கியது. பிழைத்தோம் என்று மூச்சு விடுகிறவளின் தோள். நடக்க வேண்டாம் என்று அவளுக்கு ஒரு தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது, தினமும் அதை என் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பால்கனி வரை போகிறவளுக்கு அடுத்தது படிக்கட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். மார்க்கெட்டில் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போன அந்த ஒரு கணத்தை நான் கதையாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதை இன்னும் முடிக்கவில்லை.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. 'பயமா இருக்கா?' என்று நான் கேட்டால் அது கிண்டலாகத்தான் கேட்கும். என் குரல் அப்படிப் பழகிவிட்டது.

கடலை விட்டேன். மறுநாள் காலை கதவைத் திறந்து வெளியே போய், படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். அவளுக்குக் கடலைச் சொல்ல வேண்டியதில்லை, அதை அவள் என்னைவிட அறிவாள். நாற்காலியில் தூக்கி வந்த நாளில் இருந்து அவள் பார்க்காதது இந்தப் படிக்கட்டைத்தான். கொண்டுவந்து கொடுத்தால் இதைத்தான் கொடுக்க வேண்டும், துண்டு துண்டாக, பொய் இல்லாமல், ஜோக் இல்லாமல்.

படிக்கட்டில் என்ன இயற்கை இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. விளிம்பு தேய்ந்த இடத்தில் எறும்பு வழி போட்டிருக்கிறது. திருப்பத்தில் உள்ள சின்னச் சன்னல் வழியாக வெயில் வந்து ஒரு படியில் மட்டும் விழுகிறது, கொஞ்ச நேரத்தில் அடுத்ததற்குப் போகிறது. பல்லி ஒன்று கைப்பிடிச் சுவரில் குடித்தனம். தெருவில் வேம்பு பூத்திருந்தது. பங்குனி மாதம், எங்கள் ஊர் வேம்புகள் எல்லாம் பூத்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருவும் இந்தப் பக்கத்துத் தமிழ்த் தெருவும் ஒரே வாசனையாக இருக்கும். அந்தப் பூ சன்னல் வழியாகப் படியில் எல்லாம் கிடந்தது. தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் கவிதை தேடப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர் பேப்பர் எடுக்க வந்தவர், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வீட்டுல சண்டையா?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். நம்பாமல் போனார். மறுநாளும் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் காப்பி வைத்துவிட்டுப் போனார்.

முதல் இரண்டு மூன்று நாள் படிக்கட்டு வரிகளுக்கும் 'பா போன்'தான். ஆனால் இப்போது வரி முடிகிற வரை கேட்டாள். "எந்தப் படி?" என்றாள் ஒருநாள். "எறும்பு இன்னும் அங்கியே போவுதா? நான் மருந்து போட்டேனே" என்றாள் இன்னொரு நாள். நான் விடவில்லை. பிடிவாதத்தில் அவளுக்கு நான் குறைந்தவன் இல்லை என்று அவள் வீட்டாரே ஒப்புக்கொள்வார்கள். விடிந்தால் படி, படியில் நான். உள்ளே தலைப்பு வைக்கிறவன் கூடக் களைத்துப்போய்த் தூங்க ஆரம்பித்திருந்தான்.

குருத்தோலை ஞாயிறு காலை. தெருமுனையில் பவனி கூடிக்கொண்டிருந்தது, பாட்டு இன்னும் தொடங்கவில்லை. நான் உள்ளே போய்ச் சொன்னேன்:

மாடிப்படி
வேப்பம்பூ உருண்டு
ஒரு படி இறங்கியது

"காத்தா?" என்றாள்.

"ஆமா. காத்துதான்."

"உருண்டு போயிடுச்சா கீழ?"

"இல்ல. ஒரு படிதான். அங்க நின்னுடுச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்துட்டுதான் வந்தேன். அப்புறமும் நின்னேன். நகரல."

அவள் சன்னலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். போர்வையை விலக்கினாள். தீர்ப்பைச் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. நடைவண்டியை நான் எடுப்பதற்குள், "அது படியில எதுக்கு? கைய குடுங்க" என்றாள்.

படிக்கட்டின் உச்சியில் ரொம்ப நேரம் நின்றாள். ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை என் தோளில். அந்தத் தோளில் அன்றைக்கு விழுந்த நகக்குறி ஈஸ்டர் வரை இருந்தது. "வலிக்கிற காலு முன்னாடி" என்றேன். "தெரியும்" என்றாள். வலிக்கிற காலை எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தாள். அங்கே தரை இருந்தது. நான் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை, அந்த நண்டைக்கூட. திருப்பத்தில் நின்றோம். மறுபடி இறங்கினோம். பேப்பர் எடுக்க வந்த கீழ்வீட்டுக்காரர் கதவிடுக்கில் நின்றுகொண்டு மூச்சு விடாமல் இருந்தார்.

கேட்டுக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். பவனி தெருமுனையைக் கடந்து போனது. குருத்தோலைகள் தலைக்கு மேல் ஆடின. யாரோ கூட்டத்தில் இருந்து இவளைப் பார்த்துவிட்டு ஓலையை உயர்த்தி ஆட்டினார்கள். இவளும் வெறுங்கையை உயர்த்தி ஆட்டினாள். முகத்தில் வியர்வை. கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டு தூரத்தில் தேய்ந்த பிறகு திரும்பி, ஏற வேண்டிய படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"எறங்கியாச்சு" என்றாள். "ஏறறது எப்டி?"

"நல்ல காலு முன்னாடி."

"அது இல்ல. எறங்கறதுக்கு ஒண்ணு சொன்னீங்க. ஏறறதுக்கு ஒண்ணு சொல்லுங்க."

"இப்பவா? இங்கியா?"

"சும்மா ஏற முடியாது. வாக்கு."

எழுதத் தெரிந்தவன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன், நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேட்டால் வாய் காய்ந்துவிடுகிறது. உள்ளே இருந்தவன் சட்டென்று விழித்து, மனைவியைப் பற்றி ஒரு அருமையான ஜோக் நீட்டினான். நல்ல ஜோக். அடுத்த வாரப் பக்கத்துக்கு ஆகும். வாங்கவில்லை. தெரு பக்கம் திரும்பி நின்றேன். பார்த்தேன். கிடைத்த பிறகும் கொஞ்சம் நின்றேன். அவள் நடுங்கும் காலோடு காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை.

"வெயிலில் ஸ்கூட்டர்" என்றேன். "அடியில் நிழல். பூனை ஒரு கண்ணை மட்டும் திறக்கிறது."

அவள் குனிந்து ஸ்கூட்டரின் அடியில் பார்த்தாள். பூனையும் அவளைப் பார்த்தது.

"போன்" என்றாள்.

சுவரைப் பிடித்து, நல்ல காலை முதல் படியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதை இழுத்துச் சேர்த்தாள். மூச்சு வாங்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. திருப்பத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். பின்னாலேயே ஏறிவந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அது பயம் இல்லை. பயத்தை இப்போது எனக்கு அடையாளம் தெரியும்.

"திருப்பத்துக்கு இன்னொண்ணு" என்றாள்.

"படிக்கு ஒண்ணுன்னு கேப்ப போலிருக்கே."

"பேச்ச விடுங்க. பாருங்க."

கீழே இறங்கி மறுபடி கேட்டுக்கு ஓடினேன். தெருவில் நிறையவே இருந்தது.